வால் வராத மீன்

புரட்டாசி மாதத்தில் மீன்பிடிக்கப் போனவன் என்று அரவக்குறிச்சிப் பக்கத்தில் நாலு பேர் பேசிவிடக் கூடாதே என்றுதான் நாச்சிமுத்து தூண்டில் முள்ளில் மீன்துண்டுக்குப் பதிலாகப் புளிசாதத்தை உருட்டி வைத்தார். கோயமுத்தூரில் வாழையிலையில் கட்டி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, அதன்மேல் துண்டு சுற்றி, இரண்டு விமானம் மாறி, ஒரு விசைப்படகும் ஏறி மாலத்தீவின் அந்தச் சின்னத் தீவுவரைக்கும் வந்து சேர்ந்திருந்த புளிசாதம் அது. நல்லெண்ணெய் மினுங்க, நிலக்கடலை துருத்திக்கொண்டு முள்ளில் உட்கார்ந்திருந்த உருண்டையை அவர் தண்ணீரில் விட்டபோது, இதற்கு எந்த மீன் வரப்போகிறது, பாவம் தொலைந்தது என்கிற நிம்மதி அவர் முகத்தில் இருந்ததை மகள் இளவரசி பார்த்தாள்.

இளவரசிக்கு மீனைப் பற்றிக் கவலை இல்லை. தோணியின் இந்த ஓரத்தில் அப்பா, அந்த ஓரத்தில் கணவன் கிளாட்வின், நடுவில் நாலு முழம் தூரம். அந்த நாலு முழத்தைத் தாண்டி ஏழு வருஷமாக ஒரு பேச்சும் போனதில்லை. கிளாட்வின் கடற்கரை ஊர்ப் பையன், வலைவீசிப் பிழைத்த வம்சம், வேறு சாதி, வேறு சாமி. இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்ட அன்றைக்கு நாச்சிமுத்து குலசாமி கோயிலில் பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் நின்று, "அந்தப் பையங்கிட்ட என்ற வாயால ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பேத்தி ஆதிரை பிறந்த பிறகு மனசு இளகி, பெங்களூர் வீட்டுக்குக் கட்டுக்கட்டாக முருங்கைக்காயோடு வந்தார், கிளாட்வின் போட்ட காபியைக் குடித்தார், கிளாட்வினின் செருப்பையே மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போனார்; பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் யாராவது ஒருவர் வழியாகத்தான் போகும். வீட்டில் யாரும் இல்லாத நேரமானால் சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுல காபிக்குச் சக்கரை போடற வழக்கம் இல்லையாட்ட இருக்குது" என்பார். கிளாட்வின் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து, "மறந்துட்டேன் மாமா" என்பான். சுவர் பதில் சொன்னதுபோல அவர் தலையாட்டிக்கொள்வார்.

அந்தக் கிளாட்வினுக்கு ஹாலந்தில் வேலை கிடைத்திருந்தது. இந்தத் தீவிலிருந்து நாளை மறுநாள் சாயங்காலம் கிளம்பினால் அப்பாவும் அம்மாவும் ஒரு விமானத்தில் ஊருக்கு, இவர்கள் மூவரும் இன்னொரு விமானத்தில் அந்தக் குளிருக்கு. பிறகு எத்தனை வருஷம் கழித்துப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது. கடல் சூழ்ந்த ஒரு துண்டு மண்ணில் ஆட்களை அடைத்துப்போட்டால் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுசன் சுவரோடு பேசுவார் என்று கணக்குப் போட்டுத்தான், ஆதிரைக்குக் காலாண்டு விடுமுறை வந்ததும் இளவரசி எல்லாரையும் இங்கே இழுத்து வந்திருந்தாள். விடுமுறை புரட்டாசியில் வந்து தொலைத்தது அவள் குற்றமில்லை.

"ஏனுங்க, கடலுக்கு வந்து சோத்தைக் கரைச்சுட்டு இருக்கறீங்களே, அதைக் குடுத்தா நாங்களாவது திம்போமில்ல" என்றாள் அம்மா பாப்பாத்தி.

"நீ சும்மா இரு. ஆதிரைக்கண்ணு, உங்கப்பனுக்கு மயக்கமா இருந்தா எலுமிச்சம்பழத்தை மோந்து பாக்கச் சொல்லு சாமி."

கிளாட்வின் உண்மையில் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் தாத்தாவோடு வீட்டில் கடல்தொழில் முடிந்தது. அப்பா ஐஸ் கம்பெனி வைத்தார், இவனை மலையடிவாரத்தில் விடுதிப் பள்ளியில் போட்டுவிட்டார், அதனால் மீன்காரன் வீட்டு மாப்பிள்ளை என்று ஏழு வருஷமாக வசவு வாங்கிய மனுசன் மீன்பிடித் தோணியில் ஏறியது அன்றைக்குத்தான் முதல்முறை. ஹுசைன் மாணிக்கு என்ற அந்த ஊர்த் தோணிக்காரர் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இளவயதில் மாசிக்கருவாடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் வெங்காயம் ஏற்றி வந்த கப்பல்களில் வேலை செய்தவர் என்பதால் அவர் பேசிய தமிழில் அந்தத் துறைமுகத்தின் உப்பு அப்படியே இருந்தது. "கவலப்படாதிய தம்பி, வாந்தி எடுத்தா மீனு கூடும்" என்றார்.

அந்த நேரத்தில் காற்று நாச்சிமுத்துவின் தலைப்பாகையைக் கலைத்தது. "ஆதிரை, இந்த நரம்பை உங்கப்பங்கிட்டக் குடு, நான் உருமாலைக் கட்டிக்கறேன்" என்று தூண்டில் நரம்பைப் பேத்தியிடம் கொடுத்தார், பேத்தி அப்பாவிடம் கொடுத்தாள், அப்பா வாங்கிச் சுண்டுவிரலில் சுற்றிக்கொள்ளவும், கீழே ஏதோ ஒன்று புளிசாதத்தை மரியாதையாக வாயில் போட்டுக்கொண்டது. அப்படித்தான் கிளாட்வின் பிற்பாடு சொன்னான்: இழுக்கவில்லை, பிடுங்கவில்லை, பந்தியில் உட்கார்ந்தவர் இலையிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தது.

நாச்சிமுத்து உருமாலை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து நரம்பின் இன்னொரு பிடியைப் பிடித்தார். இரண்டு பேரும் இழுத்தார்கள்.

"ஆதிரை, உங்கப்பனை நிதானமா இழுக்கச் சொல்லு."

"அப்பா, நிதானமா இழுக்கணுமாம்."

"சரின்னு தாத்தாகிட்டச் சொல்லு."

"தாத்தா, சரியாம்."

"இடது பக்கம் விட்டுப் பிடிக்கச் சொல்லு."

"எனக்கு வாய் வலிக்குது" என்றாள் ஆதிரை. "நான் இனிமே சொல்லமாட்டேன், நீங்களே சொல்லிக்கங்க." பாட்டி மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் நாச்சிமுத்து மாணிக்குவிடம் சொல்லச் சொன்னார். மாணிக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, அவரு ஒங்க பக்கத்துலதான இருக்காரு" என்றார். கடைசியில் நாச்சிமுத்து தண்ணீரைப் பார்த்து, "ஏ மீனு, உன்னைய இழுக்கறவங்களைக் கொஞ்சம் பொறுத்து இழுக்கச் சொல்லு" என்று கத்தினார். மீன் அதைக் கேட்டுக்கொண்டுதான் மேலே வந்தது.

முதலில் தலை வந்தது. நுகத்தடி கழற்றிய மாட்டுவண்டி அளவுக்கு இருந்த தலை, தண்ணீர் சொட்டச் சொட்டத் தோணியின் விளிம்பில் தாடையை வைத்தது. பித்தளைத் தாம்பாளம்போல் இருந்த ஒற்றைக் கண்ணால் நாச்சிமுத்துவைப் பார்த்தது, பாப்பாத்தியைப் பார்த்தது, ஆதிரையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது. அதன் மூச்சில் பெருங்காய வாசனை அடித்தது. பிறகு யாரையும் இடிக்காமல் தோணியின் குறுக்கே ஏறி, அந்தப் பக்கத்து விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியது. உதட்டோரத்தில் முள் மூக்குத்திபோல் நின்றது. தலைக்குப் பின்னால் கழுத்து, கழுத்துக்குப் பின்னால் உடம்பு, உடம்புக்குப் பின்னால் உடம்பு. தோணி நாலு விரல் அழுந்தியது, அவ்வளவுதான், அதற்குமேல் கனம் தெரியவில்லை. அப்பாவும் கணவனும் இரு ஓரத்திலும் நிற்க நடுவே மீன் போய்க்கொண்டிருந்ததை, ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்கு நிற்பவளைப்போல இளவரசி பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ கடைசிப் பெட்டி வந்துவிடும், இதோ வால் வந்துவிடும் என்று எல்லாரும் நின்றார்கள். வெயில் சாய்ந்தது, கடல் செம்பட்டையானது, பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மீன் வந்துகொண்டிருந்தது.

தலை இதற்குள் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தது. அவசரமில்லாமல், கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல், இடமிருந்து வலமாகப் போனது. கையிலிருந்த நரம்பு தீரப்போகிறது என்று மாணிக்கு கரையைப் பார்த்துக் குரல் கொடுத்ததும், வீட்டுக்கு வீடு ஆட்கள் தங்கள் நரம்புச் சுற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒன்றின் நுனியில் ஒன்றை முடிந்து, முடிந்த இடத்தைப் பல்லால் இறுக்கி, நீட்டிக்கொண்டே போனார்கள். பச்சை நரம்பு, வெள்ளை நரம்பு, தாத்தா காலத்துப் பருத்திக் கயிறு, பட்டம் விடுகிற நூல்கூட ஒரு இடத்தில் சேர்ந்திருந்தது. அறுந்துபோகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்திருப்பது இழுபட்டு வந்த மீன் அல்ல, கூப்பிட்டதற்கு வந்த மீன் என்று ஒரு தடவை பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

சிக்கல் அதற்கப்புறம்தான் தொடங்கியது. தீவு மன்றத் தலைவி சகியா, கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத அம்மாள், சின்னப் படகில் வந்து தோணியோரம் நின்று விசாரித்தார். முள்ளைப் போட்டது யார்? நாச்சிமுத்து. கடித்தபோது நரம்பு யார் கையில் இருந்தது? கிளாட்வின். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னதை மாணிக்கு தமிழில் சொன்னார்.

"இந்தத் தீவுல ஒரு வழக்கம் உண்டு, கேட்டியளா. முள்ளைப் போட்டவரு ஒருத்தரு, இழுத்தவரு ஒருத்தருன்னா, மீனு ரெண்டு பேருக்கும் பொது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து, 'நம்மளுது'ன்னு சொன்னா வெட்டலாம், 'போவட்டும்'னு சொன்னா விடலாம். சொல்லுத வரைக்கும் நரம்பு ரெண்டு பேரு கைய விட்டும் போவக்கூடாது. முன்ன ஒரு காலத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரு சூரை மீனுக்காவ வெட்டிக்கிட்டுச் செத்தானுவ, அன்னையிலேருந்து இப்படித்தான்."

கிளாட்வின் உடனே மாமனாரைப் பார்த்தான். "மாமா, நீங்க எது சொன்னாலும் எனக்குச் சரி மாமா."

நாச்சிமுத்து வானத்தைப் பார்த்தார். "மாணிக்கம், அவுங்களுதுன்னே வெச்சுக்கச் சொல்லுங்க. எனக்குப் புரட்டாசி."

"அப்படி எங்கிட்டச் சொல்லக்கூடாது அண்ணாச்சி. அவருகிட்டச் சொல்லணும்."

"அது ஆகாதுங்க. குலசாமிக்குக் குடுத்த வாக்கு."

"குலசாமி வந்து கேட்டுச்சா உங்களைய, பேசாத இருன்னு?" என்றாள் பாப்பாத்தி. "அதுபாட்டுக்கு வேலைத் தூக்கிட்டு நின்னுட்டிருந்துச்சு. நீங்களா போயி வாயை அடகு வெச்சுட்டு வந்தீங்க."

இளவரசி அப்பாவின் தாடையைப் பார்த்தாள், அது பூட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் நரம்பு, கிளாட்வின் கையில் நரம்பு, நடுவே மீன் வந்துகொண்டிருந்தது. அன்று இரண்டு பேரும் தோணியிலேயே ஆளுக்கொரு பாயில் மணிக்கட்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு படுத்தார்கள்.

விடிந்தபோது மீன் தீவைப் பல சுற்றுச் சுற்றி, மதில்மேல் மதிலாகக் கிடந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தது. தீவுக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள், பல் தேய்த்தபடி பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைத் தொடங்கினார்கள். பருவக்காற்று அடித்த நாள்முதல் கரையைக் கடித்துக்கொண்டிருந்த அலை மீனின் முதுகில் மோதி நின்றுவிட்டதால், தீவுக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றிய பால்போல அசையாமல் கிடந்தது. கரையோரத்து வீடுகளில் கதவிடுக்கில் வைத்திருந்த மணல்மூட்டைகளைப் பெண்கள் எடுத்து ஓரமாகப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மீன் போகிற திசையிலேயே பள்ளி இருந்ததால் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து போய் இறங்கினார்கள். வீடு திரும்பத்தான் நடக்கவேண்டியிருந்தது. துணி காயப்போட்டவர்கள் ஒரு பாடத்தைக் கற்றார்கள்: முதுகுத்துடுப்பில் காயப்போட்டால் சட்டை நன்றாக உலரும், ஆனால் அடுத்த தெருவில் போய் எடுக்கவேண்டும். அதனாலேயே, பேச்சற்றுக் கிடந்த பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர் துணிக்காக ஒருத்தி வாசலுக்கு ஒருத்தி போகும்படி ஆனது. டீக்கடைக்காரர் பெஞ்சைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். வெளிநாட்டு விருந்தினர் இரண்டு பேர் எண்ணெய் பூசிக்கொண்டு செதிலில் படுத்து வெயில் காய்ந்தார்கள். இமாம் மீனைப் பார்த்தபடி நெடுநேரம் நின்று, படைத்தவன் எதற்கும் அவசரப்பட்டதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மீனின் உடம்பும் ஒரே மாதிரி இருக்கவில்லை. காலையில் வந்த பகுதி புதுச் சில்வர் பாத்திரம்போல் வழவழத்தது. வெயில் ஏறியபோது வந்த பகுதியில் பாசி படர்ந்திருந்தது. மத்தியானம் வந்த பகுதியில் பவளம் முளைத்து, பவளத்துக்குள் சின்ன மீன்கள் குடியிருந்து, தாங்கள் வேறொரு மீனின்மேல் வாழ்கிறோம் என்பது தெரியாமல் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிதான ஒன்று உலகத்தில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது, அது தெரியாமலேயே நாம் முருங்கைக்கும் மாத்திரைக்கும் விசாவுக்கும் அலைந்திருக்கிறோம் என்று, சோற்றுப் பாத்திரத்தோடு தோணிக்கும் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்த இளவரசிக்குத் தோன்றியது. தோன்றினாலும் அவள் கண் அப்பாவின் வாயை விட்டு அகலவில்லை. அவர் சாப்பிட மட்டும் அதைத் திறந்தார்.

அவள் ஒரு தடவை கேட்டும் பார்த்தாள். "அப்பா, நாளைக்குப் போயிருவோம்ப்பா. ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைதான் சாமி. அதுதான் வரமாட்டேங்குது" என்றார் அவர். முதல்முறையாக அந்தக் குரலில் கோபம் இல்லாததை அவள் கவனித்தாள். பூட்டின சாவியைத் தானே எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற ஆளைப்போல இருந்தார்.

தீவே இப்போது இரண்டு காரியத்துக்காகக் காத்திருந்தது: ஒன்று வால், இன்னொன்று நாச்சிமுத்து. மீன் படகுத்துறையைச் சுற்றிவர மூடிக்கிடந்ததால் ஒரு படகும் வெளியே போகமுடியவில்லை. ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர்க்குடத்தோடு போகிற பெண்கள் தோணியைப் பார்த்து, பேசிட்டாரா என்று சைகையில் கேட்பார்கள். மாணிக்கு உதட்டைப் பிதுக்குவார். எங்க மாமனாரும் இப்படித்தான், எங்க அண்ணனும் இப்படித்தான் என்று டீக்கடையில் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு ஆள் இருந்தது.

அன்று வெயில் தாழ்ந்தபோது டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் ஒருமுறை கிணுங்கின. யாரோ லாரி போகிறது என்றார்கள். தீவில் லாரி கிடையாது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் கழித்து மறுபடி கிணுங்கின. பிறகு எல்லாருக்கும் பாதத்தில் தெரிந்தது: எங்கோ கடலுக்கடியில், தொலைவில், பெரிய ஒன்று ஒரு தடவை விரிந்து ஒரு தடவை சுருங்குகிறது. மற்ற மீன்களுக்கு இதயம் தலைக்குப் பக்கத்தில் இருக்கும்; இதற்கு எங்கே வைப்பது என்று படைத்தவன் யோசித்து, தலைக்கும் வாலுக்கும் பாரபட்சம் இல்லாமல் நடுவில் வைத்திருந்தான். அந்த இதயம் இப்போது தோணியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்தத் துடிப்புக்குத் தீவு பழகியதுதான் ஆச்சரியம். தொட்டில் பிள்ளைகள் அதைக் கேட்டுத் தாலாட்டு இல்லாமலே தூங்கின. கேரம் ஆடுகிறவர்கள் துடிப்பு முடிந்த பிறகே காயைச் சுண்டினார்கள், இல்லாவிட்டால் காய் தானாகக் குழிக்குள் போய்விடும். தேங்காய் வெட்டுகிறவர் ஓங்கிய கத்தியைத் துடிப்புவரை பிடித்திருந்து பிறகு வெட்டினார். விடிந்து வெயில் ஏற ஏறச் சத்தம் கிட்டத்தில் வந்தது. கிட்டத்தில் வர வர இரண்டு துடிப்புக்கு நடுவேயான இடைவெளி நீண்டது. புறப்படவேண்டிய நாள் அது. பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு இளவரசியும் அம்மாவும் ஆதிரையும் தோணிக்கு வந்தார்கள். சகியா அம்மாள் வந்தார். ஊரே மீனின் முதுகிலும் கரையிலும் வந்து நின்றது.

மத்தியானத்துக்கு மேல் அந்த இடம் வந்தது. தோல் மெலிந்து மெலிந்து, உரித்த பலாச்சுளையைப்போல் வெளிச்சம் ஊடுருவும்படி ஆகியிருந்தது. உள்ளே ரத்தக்குழாய்கள் ஆற்றுக் கிளைகளாகப் பிரிந்து ஓடின. அந்த ஆறுகள் எல்லாம் போய்ச் சேருகிற இடத்தில், நிலைக்கு வந்த தேர் அளவுக்கு, உள்ளுக்குள் விளக்கு எரிவதுபோல் சிவந்து, இதயம் இருந்தது. அது தண்ணீரிலிருந்து ஏறி, தோணியின் நடுவுக்கு, இந்தப் பக்கம் நாச்சிமுத்துவும் அந்தப் பக்கம் கிளாட்வினும் நிற்கிற இடத்துக்கு வந்தது. வந்த இடத்தில் மீன் நின்றது. இரண்டு நாளாக நிற்காத மீன், முதல்முறையாக நின்றது.

துடிப்பும் நின்றது.

ஒரு டீ குடிக்கிற நேரம் போயிற்று. இன்னொரு டீ குடிக்கிற நேரமும் போயிற்று. கரையில் ஒரு கோழி கொக்கரிக்கத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டது. அந்தச் சிவப்பின் வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழுந்திருக்க, அவர் வாய் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்துகொண்டதை இளவரசி பார்த்தாள். கிணற்றில் எட்டிப் பார்க்கிற குழந்தையின் முகம்போல் அது ஆகிவிட்டிருந்தது. அவர் பக்கத்தில் இருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார். யாரென்று பார்த்துத் திரும்பவில்லை. பயந்துபோன மனுசன் பக்கத்தில் ஒரு மனுசன் இருக்கிறானா என்று தேடித் திரும்பினார்.

"மாப்பிள்ளை" என்றார், "நின்னுபோச்சுங்களா?"

கிளாட்வினின் உள்ளங்கை அந்தத் தோலின்மேல் இருந்தது. "இல்லைங்க மாமா. இருங்க."

"இத்தனை நேரமாகுதுங்களே மாப்பிள்ளை."

"பெருசுல்ல மாமா. அவசரப்படாது. கையக் குடுங்க." மாமனாரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தான். "இங்க. உள்ள இருக்கு பாருங்க, சுருட்டிக்கிட்டு இருக்கு. இப்ப வரும்."

வந்தது.

அதைச் சத்தம் என்று சொல்லமுடியாது. தோணி எழுந்தது, கடல் எழுந்தது, கடலோடு தீவும் ஒரு சாண் எழுந்து இறங்கியதாக மாணிக்கு சொல்வார். தென்னைகள் அத்தனையும் ஒருசேரக் குனிந்து நிமிர்ந்தன. நின்றிருந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், உட்கார்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் இருந்த அந்தச் சின்னது, பெரியது அடித்து முடியட்டும் என்று ஒரு கணம் மரியாதையாக நின்று, பிறகு தன் பாட்டுக்குத் தொடர்ந்தது. இளவரசியின் நெஞ்சும் நின்று தொடர்ந்தது. ஆதிரை மட்டும் கைதட்டினாள்.

மீன் மறுபடி நகரத் தொடங்கியது. இதயம் தோணியைக் கடந்து அந்தப் பக்கத்துத் தண்ணீரில் சிவப்பாக இறங்கிப் போயிற்று.

"எங்கம்மா போனப்பக்கூட எனக்கு இந்த நடுக்கம் வரலீங்க மாப்பிள்ளை" என்றார் நாச்சிமுத்து.

பாப்பாத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இன்னொரு கையால் தோணியில் இருந்த எல்லாருக்கும், மீனுக்கும் சேர்த்து, மூச்சு விடாதே என்று சைகை காட்டினாள்.

"எனக்கும் கால் நடுங்குது மாமா."

"உக்காருங்க, உக்காருங்க. காத்தால வெறும் டீதானே குடிச்சீங்க. நான் பாத்துட்டுதான் இருந்தேன். வெறும் வயித்துல டீ குடிக்காதீங்க, அது ஆகாது. ஹாலந்துலயும் அப்படிப் பண்ணீறாதீங்க. அங்க என்ன, குளிருங்களா?"

"ரொம்பக் குளிரு மாமா."

"முருங்கை வருமுங்களா?"

"வராது மாமா."

"தொட்டியில வெச்சுப் பாருங்க. வெதை தர்றேன். அந்த மோட்டாரு போட்டுக் குடுத்தீங்களே, செல்போனுல ஓட்டற மாதிரி, மூணு வருசத்துக்கு முந்தி, அது நல்லா ஓடுதுங்க மாப்பிள்ளை. சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன். ராத்திரி எந்திரிச்சுக் கெணத்துக்குப் போற வேலையே இல்ல. கட்டில்ல படுத்துட்டே ஒரு அமுக்கு அமுக்குனா, தண்ணி இந்த மொத்தத்துக்கு..."

எந்த மொத்தத்துக்கு என்பதைக் காட்டவேண்டியிருந்தது. நாச்சிமுத்து பிறந்ததுமுதல் கையை வீசாமல் ஒரு பேச்சுப் பேசியறியாதவர். ஏழு வருஷத்துப் பேச்சு ஒன்றாக வாய்க்கு வந்தபோது ஒரு கை போதவில்லை. இரண்டு கையையும் தூக்கி வட்டம் போட்டுக் காட்டினார். நரம்பு அவர் கையை விட்டு நழுவியது. கிளாட்வின், தோணி ஆட்டத்தில் மாமனார் பின்னால் சாய்ந்துவிடுவாரோ என்று இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்தான். அவன் கை நரம்பும் போயிற்று. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"என்ன சொல்கிறார்கள்?" என்று சகியா அம்மாள் தன் மொழியில் மாணிக்குவின் காதில் கேட்டார்.

"கெணத்து மோட்டாரப் பத்தி."

"மீனைப் பற்றி?"

"அதுக்கு இன்னும் வரல. மொதல்ல மூணு வருசம் முந்தி நடந்தது ஓடிட்டிருக்கு."

கரையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். மீன்முதுகில் நின்றவர்கள், நன்றாகப் பார்க்கவேண்டும் என்று இறங்கிக் கரைக்கு ஓடிவந்தார்கள். ஒரு சொல்லும் புரியாத அந்த மொழியில் அந்தக் கிழவர் பேசுவதையும், மருமகன் தலையாட்டுவதையும், கிழவர் நடுவில் சிரிப்பதையும், சிரித்தபடியே துண்டால் கண்ணைத் துடைப்பதையும் தீவு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆதிரைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே மாப்பிள்ளை மட்டும் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப்போனதை நாச்சிமுத்து சொன்னார். வாசலில் ஒரு பை ஆரஞ்சு இருந்தது, அது யார் வைத்தது என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்று கிளாட்வின் சொன்னான். இளவரசிக்கு அது இரண்டுமே தெரியாது. அவள் தோணியின் பலகையில் உட்கார்ந்து, அப்பாவின் வாய் திறப்பதையும் மூடுவதையும், முதல்மழையைப் பார்க்கிறவளைப்போல இமைக்காமல் பார்த்தாள்.

பிறகு, ஒரு அலை வந்து தோணியில் மோதியது.

இரண்டு நாளாக அலை இல்லாத கடலில் ஒரு அலை. அதன் பின்னால் இன்னொன்று. ஒருவர் திரும்பினார், பத்துப்பேர் திரும்பினார்கள். தீவைச் சுற்றி வெறும் நீலம் கிடந்தது. மதிலும் இல்லை, துடுப்பும் இல்லை. துடுப்பில் காய்ந்த இரண்டு சட்டைகள் தொலைவில் மிதந்தன. தீவின் அத்தனை வீட்டு நரம்பையும் மூக்குத்தியில் கோத்துக்கொண்டு, மிச்ச உடம்பையும் ஒரே வீச்சில் இழுத்துக்கொண்டு மீன் போய்விட்டிருந்தது.

"வாலைப் பார்த்தீர்களா?" என்று இமாம் கேட்டார்.

டீக்கடைக்காரர் பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் பள்ளிக்கூட வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பிள்ளைகளைக் கேட்டார், பிள்ளைகள் மாணிக்குவைக் கேட்டார்கள், மாணிக்கு பாப்பாத்தியைக் கேட்டார். "நான் எங்கீங்க பாத்தேன், இவரு பேசறதை இல்ல பாத்துட்டிருந்தேன்" என்றாள் அவள். இருந்தவர் அத்தனை பேரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வால் விசிறிபோல் இருந்ததா, பிறைபோல் இருந்ததா, அல்லது இல்லவே இல்லையா என்று சொல்ல அந்தத் தீவில் ஒரு சாட்சியும் இல்லை. அதற்காக வருத்தப்பட்டவர்களும் இல்லை.

விமான நிலையத்துக்குப் போகிற விசைப்படகு துறைக்கு வந்து, ஒருமுறை ஒலி எழுப்பி, மறுமுறை நீட்டி எழுப்பியது. பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். ஆதிரையை ஏற்றிவிட்டார்கள். இளவரசி தோணிக்குத் திரும்பி வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அப்பா, நேரமாச்சு. கெளம்பலாம்ப்பா."

நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் அசைத்தார்.

"சித்த இரு சாமி. பெரியவங்க பேசிட்டிருக்கோமில்ல."

பிறகு கிளாட்வினைப் பார்த்து, "ஆங், எதுல விட்டனுங்க மாப்பிள்ளை?" என்றார்.